மேலே ஓடும் ஆறு

கெலான் கைஃபெங் ஊரில் எங்கள் தெருவுக்குக் குடிவந்த நாளிலிருந்து ரூயாவுக்கு ஒரே வயிற்றெரிச்சல். அவள் யாரிடமும் சொல்லவில்லைதான். ஆனால் எங்கள் தெருவில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன?

மூன்று வருஷமாக வகுப்பில் படம் என்றால் ரூயா. தெற்கே தொலைவில் இருக்கும் குய்லின் ஊரிலிருந்து நாற்பத்தெட்டு வண்ணப் பெட்டியோடு கெலான் வந்து இறங்கினாள். படம் என்றால் கெலான் என்று ஆகிவிட்டது.

"பெட்டியில நாப்பத்தெட்டு இருந்தா நாப்பத்தெட்டையுமா பூசணும்?" என்று ரூயா அம்மாவிடம் பொருமினாள்.

ஒருநாள் ஹௌ டீச்சர் சொன்னார்: "நம்ம ஊரையும் மஞ்சள் ஆத்தையும் அட்டையில செஞ்சு வெள்ளிக்கிழமை கொண்டுவாங்க. ரொம்ப நல்லா இருக்கறது ஒரு வருஷம் பள்ளிக்கூட வாசல்ல இருக்கும்."

வாசலில்! ஒரு வருஷம்! ரூயாவுக்கு ராத்தூக்கம் போயிற்று. அவள் செய்ததில் ஆறு அச்சாக இருந்தது. ஊர்தான் எருமை படுத்து எழுந்ததுபோல் இருந்தது.

வியாழக்கிழமை சாயங்காலம் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எதிரே இருந்த கெலான் வீட்டுக்குப் போனாள். வினிகர் கடன் வாங்கத்தானாம். வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தது, அது வேறு விஷயம்.

கெலான் செய்த ஊரைப் பார்த்ததும் ரூயாவுக்கு வினிகர் மறந்துபோயிற்று. கைஃபெங்கின் இரும்புக் கோபுரம், அரிசி அளவில் சாமந்திப் பூக்கள், கொழுக்கட்டைக் கடையில் ஆவிகூட பஞ்சில்!

அப்புறம்தான் ஆற்றைக் கவனித்தாள். ஊருக்குக் கீழே, பள்ளத்தில், நீலமாக ஓடியது.

ரூயாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஆறு வருஷா வருஷம் வண்டலைக் கொண்டுவந்து தன் அடியிலேயே போட்டுக்கொள்ளும். அடி உயர உயர நாங்கள் கரையை உயர்த்துவோம். இப்போது ஆறு கூரைகளுக்கும் மேலே ஓடுகிறது. இது எங்கள் தெருக் கோழிக்குக்கூடத் தெரியும்.

"எப்படி இருக்கு? ஏதாவது தப்பா?" என்றாள் கெலான்.

"பிரமாதம்டி!" என்றாள் ரூயா. நாளைக்கு வகுப்பே சிரிக்கப்போகிறது!

"நான் இன்னும் ஆத்தைப் பாத்ததே இல்ல," என்றாள் கெலான். "ஞாயித்துக்கிழமை நீங்க எல்லாரும் கரைக்குப் போறத ஜன்னல்லேர்ந்து பாப்பேன். என்னை யாரும் கூப்பிடல."

கூப்பிட வேண்டாம் என்று மற்றவர்களிடம் சொன்னது யார் என்று ரூயாவுக்குத் தெரியும். கிண்ணத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். அங்கே பார்க்க ஒன்றுமில்லை.

"வாளி இருக்கா?" என்றாள் கடைசியில். "எடுத்துட்டு வா."

இருவரும் மூச்சு வாங்கக் கரையேறினார்கள். உச்சியில் நின்று கெலான் முன்னால் பார்த்தாள்: பால் கலந்த தேநீர் நிறத்தில் அகலமாக ஆறு. பின்னால் பார்த்தாள்: காலுக்குக் கீழே அவள் வீட்டுக் கூரை, கொடியில் அவள் சட்டை.

"ஐயோ! ஆறு நம்ம தலைக்கு மேலயா ஓடுது?"

"பின்ன? உங்க ஊர்ல எப்படி?"

"கீழதான் ஓடும். அடியில இருக்கற கல்லுகூடத் தெரியும்."

"பெருமைதான், போ!" என்றாள் ரூயா. எரிச்சல் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா?

இரண்டு வாளி வண்டல் அள்ளிவந்து, இருட்டுவதற்குள் ஆற்றைக் கூரைக்கு மேலே தூக்கினார்கள். நீலத்தின்மேல் வண்டலைப் பூசியது கெலான். கரை கட்டியது ரூயா. கடைசி மூலைக்கு வரும்போது அவள் அம்மா சாப்பிடக் கூப்பிட்டுவிட்டாள்; அதை அவசரமாக அப்பிவிட்டு ஓடினாள்.

மறுநாள் ஹௌ டீச்சர் கெலானின் ஆற்றில் ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினார். ஓடியது, ஓடியது. அந்தக் கடைசி மூலையில் கரை உடைந்தது. ஊருக்குள் வெள்ளம்! கோபுரம் மிதந்தது.

எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"அந்த மூலை... நான் கட்டினது, டீச்சர்," என்றாள் ரூயா. காது சிவந்துவிட்டது.

டீச்சர் நனைந்த செருப்பை உதறினார். "இத்தனை வருஷத்துல மஞ்சள் ஆத்தை இவ்வளவு சரியா யாரும் செஞ்சதில்ல," என்றார். "கரையை உடைச்சு ஊரை மூழ்கடிக்கறது அதுக்குப் பழைய வழக்கம். நம்ம காலுக்கு அடியில புதைஞ்ச ஊருங்க எத்தனை இருக்கு! மூலையை நல்லாக் கட்டி வாசல்ல வைங்க."

அட்டையில் பெயர் எழுதியது கெலான். ஊர்: கெலான். ஆறு: ரூயா.

ரூயா யாரும் பார்க்காத நேரத்தில் இரண்டு பெயரையும் விரலால் அளந்தாள். அவள் பெயர்தான் அரை விரல் பெரிதாக இருந்தது.