மூச்சுக்குக் காவல்

வெள்ளிக்கிழமை காலை. வாசல் தெளித்த ஈரம் கூடக் காயவில்லை. அதற்குள் தனக்கோடியம்மாள் மகனுடைய சட்டைகளைப் பையில் திணிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"சாயங்காலம் லோகநாயகி வந்து கூட்டிகினு போவா. ஒரு மாசம் கூடுவாஞ்சேரில அக்கா வூட்டுலயே இருக்கட்டும். தனி ரூம்ல நிம்மதியா தூங்கட்டும் என் புள்ள!"

காபி கொண்டுவந்த மருமகள் ஹேமாவதி டம்ளரை அப்படியே கீழே வைத்தாள். தனி ரூம்! அந்த வார்த்தைதான் அவளைப் பயமுறுத்தியது.

தாம்பரத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அவள் கணவன் தயாளன், முந்தின நாள் அக்கா வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் ஹோமத்துக்கு எதிரிலேயே தூங்கி வழிந்தான். வந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். "இன்னாடா இது?" என்று அக்கா கேட்டதற்கு அந்தப் புண்ணியவான் சொன்ன பதில், "ராத்திரி பூரா ஹேமா விலாவுல இடிச்சிகினே இருக்காக்கா!"

அவ்வளவுதான், பழி முழுவதும் ஹேமாவதி தலையில் விழுந்தது.

"அத்தை... அவருக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வருது. அதான் எழுப்புறேன்..."

"வாயைக் கழுவுடி! வெள்ளிக்கெழம அதுவுமா பேசுற பேச்சா இது? அசதில கொறட்ட வுடறான். அதுக்குப் போயி..."

இரண்டு வருஷமாக இதே பதில்தான். தயாளனோ, "குறட்டைக்கா டாக்டர்? சிரிப்பாங்க" என்பான். அந்த மனுஷன் உயிரோடு விடிந்தால் போதும் என்று கண்விழித்துக் கிடந்தவள் அவள். கூடுவாஞ்சேரியில் யார் இடித்து எழுப்புவார்கள்?

மத்தியானம் சாப்பிட்டுவிட்டுத் தயாளன் ஹால் கட்டிலில் மல்லாந்தான். தனக்கோடியம்மாள் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே உட்கார்ந்தாள். "கிட்ட வந்தே... பாத்துக்க!"

குறட்டை வீட்டையே தூக்கியது. திடீரென்று நின்றது.

"பாத்தியா? நீ கிட்ட இல்லேன்னா எவ்ளோ அமைதியா தூங்குறான்!" என்று பூரித்துப் போனாள் மாமியார்.

"அது அமைதி இல்ல அத்தை! மூக்குகிட்ட கைய வெச்சுப் பாருங்க!"

முறைத்துக்கொண்டே வைத்தாள். காற்று இல்லை. நெஞ்சு மட்டும் எக்கி எக்கித் தவித்தது.

"டேய்... தயாளா!" பெற்றவளின் முழங்கை விலாவில் இறங்கியது. அவன் திணறி விழித்து, "இன்னாம்மா?" என்று முனகிவிட்டு மறுபடி தூங்கிப்போனான். மறுபடி குறட்டை, மறுபடி நின்றது. மறுபடியும் இடித்தாள்.

"தெனமுமாடி இப்படி?" அவள் குரல் உடைந்தது.

"தினமும்தான் அத்தை."

"ரெண்டு வருஷமா நீ தூங்கவே இல்லியா? உன்னப் போயி இன்னா இன்னாவோ பேசிட்டேனே... என் புள்ளைய எனக்குக் காப்பாத்தி வெச்சிருக்கியே, என் தாயே!"

மருமகளைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். ஹேமாவதியும் அழுதாள். அது சந்தோஷ அழுகை.

சாயங்காலம் தம்பியை அழைத்துப்போக வந்த லோகநாயகியும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. டாக்டரம்மா தயாளனின் கழுத்தை டேப்பால் அளந்தார்.

"பலமான குறட்டை, பகல்ல தூக்கம், காலைல தலைவலி, பிரஷர், தொப்பை, தடிச்ச கழுத்து, வயசும் நாப்பத்தஞ்சு! ராத்திரில குடிக்கிறது உண்டா?"

அம்மாவைப் பார்த்துவிட்டுத் தயாளன் சுவரைப் பார்த்தான். "எப்பவாவது..."

"அதையும் விடணும். மூச்சு நிக்கிறது தூங்கறவருக்குத் தெரியாது. யாரு கவனிச்சது?"

"என் மருமவ!" வெளியே காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி சொன்னாள் தனக்கோடி.

"கூடப் பிறந்தவங்க யாருக்காவது குறட்டை உண்டா?"

எல்லாப் பார்வையும் லோகநாயகி மேல் திரும்பியது. "ஐயோ, எனக்கெல்லாம் கிடையாது டாக்டர்!"

"மாப்ள மொட்டமாடில போய்ப் படுக்கறது காத்துக்காகவாடி? நீயும் கழுத்தக் காட்டு!" என்று மகளை முன்னால் தள்ளினாள் தனக்கோடி.

டாக்டரம்மாவே சிரித்துவிட்டார்.

தூக்கப் பரிசோதனை முடிந்து, மூக்கில் மாட்டிக்கொண்டு படுக்கிற காற்று மெஷின் வந்தது. அதைப் போட்ட முதல் இரவு கழிந்து ஹேமாவதி கண் விழித்தபோது ஜன்னலில் வெயில் சுள்ளென்று அடித்தது. பதறிப்போய்ப் பக்கத்தில் கையை நீட்டினாள். தயாளன் எழுந்து உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். முகம் தெளிந்திருந்தது, கண் மட்டும் கலங்கியிருந்தது.

"நீ தூங்கி இப்பதான் பாக்குறேன் ஹேமா... என்னை மன்னிச்சிடு."

"போதும் விடுங்க... மணி என்ன ஆச்சோ!" கண்ணைத் துடைத்துக்கொண்டு எழப்போனாள். வாசல் பக்கமிருந்து மாமியாரின் அடங்கிய குரல் கேட்டது.

"மெதுவா பேசு பால்காரரே... என் மருமவ தூங்குறா!"

ஹேமாவதி சிரித்துக்கொண்டே போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.