முதுகு சாயாத டிரைவர்

மனித மூளை என்பது கடவுள் தானே பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போன அறை என்றும், உள்ளே நடப்பதை அறிய ஞானதிருஷ்டி வேண்டும் என்றும் டாக்டர் பட்டாபி கடலூரில் தனக்கு நடந்த பாராட்டு விழாவில் முழங்கினார். கைதட்டல் அடங்குமுன் மேடையிலிருந்து இறங்கியவர், வந்த கதவு எது என்று தெரியாமல் மண்டபத்தின் சமையல்கட்டுக்குள் போய்விட்டார்.

அந்த வாரமே அவருடைய ஆஸ்பத்திரியில் ஒரு களவு தெரியவந்தது. திங்கட்கிழமை காலை கட்டிலில் எழுந்து உட்கார்ந்த இளவரசு, வலது கண்ணைக் கையால் மூடினார். எதிர்ச்சுவரில் காலண்டர் இருந்தது, தேதி இல்லை. இடது கண் பார்வையில் முக்கால்வாசி போயிருந்தது.

இளவரசு முதுநகர்க்காரர். கடலூர்–சிதம்பரம் தனியார் பஸ் டிரைவர். சில மாதங்களுக்கு முன் டீக்கடையில் வலிப்பு வந்து விழுந்தார். ஸ்கேன் எடுத்தபோது மூளையின் அடியில், இடது கண் நரம்பை ஒட்டி ஒரு கட்டி இருந்தது. நம் பக்கம் அப்படியொரு கட்டி தென்பட்டால் முதல் சந்தேகம் காசநோய் மேல்தான் விழும், நியாயமான சந்தேகம். பட்டாபி காசநோய் மாத்திரையும், வீக்கம் வற்ற ஸ்டீராய்டும் கொடுத்தார். இளவரசு தேறினார். ஸ்டீராய்டைக் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தினார்கள். காசநோய் மாத்திரை ஒருநாள் தவறாமல் தொடர்ந்தது. ஆனால் கட்டி பெருத்தது.

புதன்கிழமை மண்டையைத் திறந்து, சோதனைக்குக் கட்டியில் ஒரு துண்டு எடுத்துவிடலாம் என்றார் பட்டாபி. எடுக்கும்போது மிச்சப் பார்வையும் போகலாம் என்பதைக் கொஞ்சம் மெதுவான குரலில் சொன்னார்.

இளவரசுவின் மனைவி கொளஞ்சியம்மாள் சம்மதிக்கவில்லை. சிதம்பரம் டாக்டர் சிவசக்தி வந்து பார்க்கட்டும் என்று வராந்தாவில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டீராய்டு நின்றபின் தலைவலி தொடங்கிய சமயத்தில் ஒருமுறை கீழ வீதியில் அவருடைய கிளினிக்குக்குப் போயிருந்தார்கள். முதுகில் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்து, அதே மருந்தைத் தொடரச் சொல்லி அனுப்பியவர் அவர்.

சிவசக்தி மதியமே வந்தார். சக டாக்டர்கள் ஸ்கேன் ஃபிலிமைப் பார்த்துவிட்டு, நேரமிருந்தால் நோயாளியைப் பார்ப்பார்கள். இவர் ஃபிலிமைக் கடைசியில்தான் கையில் எடுப்பார். அதற்குமுன் எதிரே இருப்பவர் எப்படி நடக்கிறார், எப்படிச் சிரிக்கிறார், எப்படி உட்கார்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பார். இளவரசு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்லா சாஞ்சி உக்காருங்களேன்."

"இருக்கட்டும்ங்க. பழகிப்போச்சி."

பார்க்க வந்திருந்த கண்டக்டர் சடையப்பன் இந்த இடத்தில் பெருமையோடு குறுக்கிட்டார். வலிப்பு வருவதற்குக் கொஞ்ச நாள் முன்பிருந்தே இளவரசு இப்படித்தான் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினாராம். அந்தக் கடமையுணர்ச்சியை மெச்சி முதலாளி பொங்கலுக்கு ஷீல்டே கொடுத்தாராம்.

"மத்தவனெல்லாம் ஈசிச்சேர்ல படுத்தாப்புல ஓட்டுவான் டாக்டரம்மா. நம்ம மச்சான் முதுவு சீட்டுல பட்டதே இல்ல."

"ஆமா, ஷீல்டுதான் இப்ப கண்ணு குடுக்கப்போவுது," என்றார் கொளஞ்சியம்மாள். "நடுவுல நல்லாத்தான் சாஞ்சி தூங்குனாரு. இப்பதான் மறுபடியும் வெறச்சிக்கிட்டு உக்கார்றாரு."

"நடுவுலன்னா எப்ப?"

"அந்த ஸ்டீராய்டு மாத்திர சாப்ட்டப்ப. நிறுத்துனாங்களே, அது."

சிவசக்தி பேனாவை மூடினார்.

"சட்டையக் கழட்டுங்க."

"வியாதி தலையிலங்க," என்று இளவரசு நினைவூட்டினார். பிறகு கழற்றினார்.

தோள்பட்டைகளுக்குக் கீழே இரண்டு பக்கமும் செம்பழுப்பு நிறத்தில் தடிப்புகள், துவரம்பருப்பு அளவில், வரிசை பிசகாமல். எந்த வியாதியும் இப்படிக் கோடு போட்டு வராது. சில வருடங்களுக்கு முன் மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டு செடல் போட்டு, முதுகில் கொக்கிகள் மாட்டி லாரியை இழுத்தவர் இளவரசு. ஆறித் தட்டையாகிவிட்ட அந்தத் தழும்புகள்தான் மறுபடி எழும்பியிருந்தன.

"இத ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"அது அம்மன் விஷயம்ங்க. அதுக்கப்புறம் செடல் போடவே இல்ல. கோவிச்சிக்கிச்சின்னு நெனச்சேன். அதுக்குப் போயி டாக்டர்கிட்ட என்னா சொல்றது?"

புதன்கிழமை மண்டை திறக்கப்படவில்லை. முதுகுத் தடிப்பில் ஒன்றைக் கிள்ளி எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நெஞ்சையும் ஸ்கேன் எடுத்தார்கள். துண்டை எடுத்த கையோடு ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏறியது. காசநோய் மாத்திரையைச் சிவசக்தி நிறுத்தவில்லை. புதுக் குற்றவாளி நிரூபணமாகும்வரை பழைய சந்தேக ஆளை வெளியே விடுவது அவர் வழக்கமில்லை.

அடுத்த வாரம் எல்லா முடிவும் வந்தபின் பட்டாபியின் அறையில் வைத்து, குற்றவாளி சார்க்காய்டோசிஸ் என்றார் சிவசக்தி.

"காசநோய்னா, கிருமிங்கற திருடனை உடம்போட போலீஸ் சுத்தி வளைச்சு நிக்கும். அந்தக் கூட்டந்தான் கட்டி. இங்கயும் அதே கூட்டம். ஆனா உள்ள திருடனே இல்ல. ஏன்னு தெரியாமலே போலீஸ் கூடி நின்னு வாசலை அடைச்சிருக்கு."

துண்டில் கிருமியும் இல்லை, காசநோய்க்குரிய அழுகலும் இல்லை. நெஞ்சின் இரண்டு பக்கமும் நெறிகட்டிகள் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. பழைய தழும்பு திடீரென்று தடிப்பது இந்த நோயின் கைரேகை. ஸ்டீராய்டு இருந்தவரை தழும்பும் அமுங்கியது, கட்டியும் சுருங்கியது. அது நின்றதும் இரண்டும் சேர்ந்தே எழும்பின. பாராட்டு மட்டும் காசநோய் மாத்திரைக்குப் போனது.

"எனக்கும் அப்பவே ஒரு சந்தேகம் இருந்துது," என்றார் பட்டாபி. மாரியம்மன் முன்னால் சட்டையைக் கழற்றிய இளவரசுவை அவருடைய ஆஸ்பத்திரியில் ஒருவரும் கழற்றச் சொல்லவில்லை.

இளவரசு இடது கண்ணால் காலண்டரில் தேதியைப் படித்தார். கீழே இருந்த ராகுகாலத்தைப் படிக்க முடியவில்லை. ஸ்டீராய்டை மிக மெதுவாகத்தான் குறைக்க வேண்டும், துணைக்கு இன்னொரு மருந்தும் உண்டு, சர்க்கரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும், வலிப்பு மாத்திரையை விடக் கூடாது, ஸ்டியரிங் பக்கம் இப்போதைக்குப் போகவே கூடாது என்று சிவசக்தி சொன்னார். இளவரசு தலையாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

கொளஞ்சியம்மாளுக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கியிருந்தது.

"போன தடவையே முதுவுல வச்சிப் பாத்தீங்களே டாக்டரம்மா. அப்ப இது இல்லியா?"

இருந்தது. சிவசக்தி ஸ்டெதாஸ்கோப்பைச் சட்டைக்கு மேலேயே வைத்திருந்தார்.