விடாத பிடி

வெந்நீரில் இரண்டு முறை கழுவியும் அவளுடைய இடது கை மட்டும் சூடேறவில்லை. வலது கை சிவந்துவிட்டது. இடது கை யாருடையதோ போல மணிக்கட்டில் தொங்கியது.

ஆம்புலன்ஸில் உதவியாளராகச் சேர்ந்து பத்தொன்பது நாள். இதுவரை காய்ச்சலும் கால் முறிவும்தான். இன்று காலையில்தான் முதல் ஆபத்தான கேஸ்: பள்ளிக்கூட மாடிப்படியில் உருண்டு, தலையில் அடிபட்ட ஒரு டீச்சர். வழி முழுக்க அவர் இவளுடைய இடது கையைப் பற்றியிருந்தார்.

"விட்டுடாதம்மா."

"விடமாட்டேன் டீச்சர்."

ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சரை இறக்கியபோது உயிர் போயிருந்தது, பிடி போகவில்லை. டிரைவர் அண்ணன்தான் விரல்களைப் பிரித்துவிட்டார். இந்த வேலைக்குக் கல் மனசு வேண்டாம், தூக்கம் வேண்டும், போய்ப் படு என்று அனுப்பிவைத்தார்.

மதியம் இரண்டு மணி. அச்சகத்தில் இரவு வேலை பார்க்கும் கணவன் ஜன்னல் திரையை இழுத்துவிட்டுச் சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்தான். அவன் பனியனில் மை வாசனை, தலைக்கு மேலே மின்விசிறியின் முனகல், எங்கோ ஒரு மிக்ஸி அரைத்து ஓய்ந்து மறுபடி அரைக்கும் சத்தம், அவற்றுக்கெல்லாம் அடியில் ரத்தமும் டெட்டாலும் கலந்த வாடை. தன் தலைமுடியில் ஒட்டிக்கொண்டு வந்ததாக இருக்கும் என்று நினைத்தாள். மறுபடி குளிக்கத் தெம்பில்லை. அழுவதற்குக்கூட அலுப்பாக இருந்தது.

எப்படிப் போனது என்று அவன் தூக்கத்திலேயே கேட்டான். ஒருத்தர் போய்விட்டார் என்றாள். அவன் நகர்ந்து இடம் விட்டான்.

கட்டிலின் இந்த ஓரத்தில், அவனைத் தொடாமல் படுத்தாள். இரண்டு கைகளையும் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டாள். கண் சொருகியது. அப்போது இடது கையில் மெல்ல, விரல் நுனியிலிருந்து, சூடு ஏறியது.

அப்பாடா என்றிருந்தது.

பிடித்திருந்த யாரோ விட்டுவிட்டதைப் போல.

நடுவில் மெத்தை அமுங்கியது.

"கைய எடேன்," என்றான் கணவன். "ஐஸ் மாதிரி இருக்கு."

அவள் கைகள் முழங்காலுக்கு நடுவே இருந்தன. இரண்டும்.

கண்ணைத் திறந்தாள். நடுவில் யாரும் இல்லை. அவன் தோளில், பனியன் துணி ஐந்து இடங்களில் குழிந்திருந்தது.

"டீச்சர்," என்றாள். மறுபடி சொன்னாள். "டீச்சர், நான் இங்க இருக்கேன்."

குழிகள் அசையவில்லை.

இறுகின.