சாமி அண்டாவில் சுடுதண்ணி

"தள்ளு புள்ள. மரத்த வெட்டணும்."

கோடாரியோடு நின்றார் பொன்னையா மாமா. சவுக்கு மரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றாள் தயானி.

"வெட்டுனா மண்ணு சரியும் மாமா!"

மரம் நின்ற மேட்டுக்குக் கீழே அவர்களுடைய தேயிலைத் தோட்ட லயம். ஒட்டி ஒட்டிப் பத்து வீடுகள், பத்து அடுப்புகள். துரை பங்களாவில் பட்டனைத் தட்டினால் சுடுதண்ணீர் வரும். லயத்தில் விறகு எரிந்தால்தான் வரும். எரித்து எரித்து, மேட்டில் மிஞ்சியது இந்த ஒரே மரம்.

அந்த அடுப்புப் புகையை மூடுபனி என்று நினைத்து, எல்ல என்ற ஊருக்குச் சுற்றுலா போகிறவர்கள் போட்டோ வேறு பிடிப்பார்கள்!

"என் வீட்டுக்கு மண்ணு வராது" என்றார் மாமா.

"வாங்க, வர்ற வீட்டக் காட்டுறேன்."

கடைசி வீட்டில் விஜயலெட்சுமி அக்காவின் குழந்தை தொட்டிலில் தூங்கியது. பின்சுவரில் சேற்றுக் கறை. தொட்டில் உயரத்துக்கு இருந்தது.

"பக்கத்து மரத்த வெட்டுனீங்கல்ல? அடுத்த மழையில வந்த சேறு இது."

மாமா குழந்தையைப் பார்த்தார். கோடாரியைக் கீழே வைத்தார்.

"சரி, அப்ப பச்சத்தண்ணியில நீ குளிப்பியா?"

தயானிக்கு நினைத்தாலே பல் தந்தியடித்தது. வாசலுக்கு வந்தாள். எதிரே மாரியம்மன் கோயில். அங்கே கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் கோழி ஒன்று உட்கார்ந்திருந்தது.

"மாமா, திருவிழாவுக்கு மொத்த லயத்துக்கும் எத்தன அடுப்புல பொங்குறோம்?"

"ஒண்ணுலதான். சாமி அண்டாவுல."

"சாமிக்கே ஒரு அடுப்பு போதும். நம்ம முதுகுக்குப் பத்தா?"

பக்கத்து வீட்டு ரெங்கம்மா அத்தை பாய்ந்து வந்தார். "சாமி அண்டாவுல குளிக்கிற தண்ணியா? ஆத்தா கண்ணக் குத்தும்!"

"என் புள்ளையத்தான் அதுல மொதல்ல குளிப்பாட்டுவேன்" என்றார் விஜயலெட்சுமி அக்கா. "ஆத்தா புள்ளையவா குத்தும்?"

அத்தை முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குள் போனார். அண்டாவை எடுக்க விடாமல் கோழிதான் கடைசிவரை சண்டை போட்டது.

மறுநாள் காலை ஒரே அடுப்பு எரிந்தது. தோட்டத்தில் கவ்வாத்து வெட்டிக் கழித்த தேயிலைக் குச்சிகளே அதற்குப் போதுமானவையாக இருந்தன. வாளியோடு வரிசையில் முதல் ஆள் யார்? ரெங்கம்மா அத்தை!

ஐப்பசியில் மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. மேலேயிருந்து சரிந்து வந்த மண், சவுக்கு மரத்தின் வேரைத் தாண்டவே இல்லை. தொட்டிலில் குழந்தை கொட்டாவி விட்டது. லயமே விசிலடித்தது. பொன்னையா மாமா தயானியைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்.

மழை விட்ட காலையில், எல்லவுக்குப் போகும் வேன் ஒன்று நின்றது. டிரைவர் தலையை நீட்டினார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கி மூடுபனி இல்லையா?"

தயானி வாளியைக் கீழே வைத்தாள்.

"இல்லைங்க. அத நாங்க நிப்பாட்டிட்டோம்!"