மதிலில் ஒரு கைத்துளை

நேற்று வைத்த சோறு அப்படியே திரும்பி வந்திருந்தது. செம்பில் மட்டும் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

பாகூர் ஏரிக்குக் கீழே இருந்த ஏட்டு மடத்தில், மழைக்காலப் பாடம் தொடங்கினால் வாசலை மண் வைத்து அடைத்துவிடுவார்கள். தை பிறந்துதான் உடைப்பார்கள். அதுவரை உள்ளே உள்ளவர்கள் அசையாமல் உட்கார்ந்து ஓதுவார்கள், ஏடு எழுதுவார்கள். சோறு போக மதிலில் ஒரு கைத்துளை. உள்ளே அமுதத்தின் தம்பி சிங்காரவேலுவும் இருந்தான். அவளுக்கென்று இருந்தது அவன் ஒருவன்தான்.

ஏட்டில் கீறிய எழுத்தில் கருமை ஏற்றக் கோவை இலைச்சாறு வேண்டும். ஆனால் மதிலுக்குள் எந்தக் கொடியும் ஆகாது என்பது கட்டளை. அமுதம்தான் சோற்றோடு இலையும் பறித்துக் கொடுப்பாள். ஏரி உடைந்து வழி அடைபட்ட நாட்களில் அவளால் வர முடியவில்லை; நேற்றுதான் மறுபடி வந்து சோறு வைத்தாள்.

"இலைக்கு இன்னா பண்ணாங்கண்ணே?" என்று காவல்காரன் இருசப்பனைக் கேட்டாள்.

"வேலியில இருந்து ஒரு தண்டு கேட்டாங்க, குடுத்தேன். நட்டிருப்பாங்க." அவன் சிரித்தான். "கொடி கொழுகொம்பு தேடும், அசையாத ஆளு மேல ஏறிடும்னு மடத்துல முன்ன இருந்த பழைய சாமி சொல்லுவாரு. உன் தம்பி முதுகுல கோவக்கா காய்ச்சா எனக்கும் ரெண்டு குடு தங்கச்சி."

அமுதம் துளையில் காது வைத்தாள். எப்போதும் தேன்கூடு போல இரைகிற பாட ஓசை இல்லை. ஈரமண்ணும் கசங்கிய பச்சிலையும் கலந்த வாடையும், அதற்குள்ளே, காற்றே இல்லாத அந்த உச்சிவெயிலில், இலைமேல் இலை உரசி மெல்ல மெல்ல நகர்கிற சத்தமும்தான் இருந்தன.

"தம்பி, அக்காடா."

சத்தம் நின்றது.

"அண்ணே, வாசல ஒடைங்க."

இருசப்பனும் காது வைத்தான். சிரிப்பு போய்விட்டது. "நான் ஒடைக்கக் கூடாதும்மா. ஊருக்குத் தலைவரு, மேர் வந்து சொல்லணும். போய் இட்டாறேன்." பாகூர்ப் பக்கம் ஓடினான்.

அவள் தண்ணீர்ச் செம்பைத் துளைக்குள் நீட்டினாள். யாரோ வாங்கினார்கள். மடமடவென்று குடிக்கும் சத்தம் இல்லை. மண் உறிஞ்சுகிற சத்தம்.

பிறகு கை வந்தது. கரும்பு வெட்டும்போது கத்தி பட்ட தழும்பு கட்டைவிரலில். தம்பியின் கைதான். குளிர்ந்திருந்தது. நகங்கள் வெளிறிய பச்சை.

"வந்துடுடா. வூட்டுக்குப் போலாம்."

விரல்கள் அவள் மணிக்கட்டைத் தடவின. நின்றன. மெல்ல வளைந்தன.

ஒரு சுற்று.

கையை இழுத்தாள். வரவில்லை. வலிக்கவும் இல்லை.

மனித விரலுக்கு அதற்குமேல் நீளம் இல்லை.

இரண்டாவது சுற்று.