வளைவில் ஒரு கை

மழைக்கு ஒதுங்கிய பெட்ரோல் பங்கில் அவன் அவளைப் பார்க்கவே இல்லை. அவள் பைக்கைத்தான் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றி, ஈர முடியை உதறியபடி முறைத்தாள்.

“என்ன... வாங்கப் போறீங்களா?”

“இல்லங்க... இந்த மாடல் கீழ் ஆர்பிஎம்ல, இன்ஜின் மெதுவா சுத்துறப்போ, தூங்கும். மேல போனதும் பேய் புடிச்ச மாதிரி பாயும். வளைவுல நம்ப முடியாது.”

“அதை ஓட்டத் தெரிஞ்சவங்க சொல்லணும்!”

அப்போதுதான் நிமிர்ந்தான். அமைதியான கண்கள்... அவற்றில் கோபமே இல்லாததுதான் அவளுக்குக் கோபத்தை மூட்டியது.

மறுநாள் ரேஸ் ஷெட்டில் அதே கண்கள்! டீமை நடத்தும் அவள் அண்ணன் பிடித்துவந்த புது இன்ஜினியராம். வந்ததும் வராததுமாக, அதே மாடலான அவளுடைய ரேஸ் பைக்கின் உச்ச சக்தியைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, நடு வேகத்தில் இழுவையைக் கூட்டினான்.

ஓட்டிப் பார்த்தாள். நேர்ப்பாதையில் அந்தக் கடைசிச் சீற்றம் இல்லை. வளைவிலோ, கை கேட்பதற்கு முன்பே பைக் நகர்ந்தது... வேறு யாரோ ஓட்டுகிற மாதிரி.

“பழையபடி மாத்துங்க.”

“சிட்டு, ஒரு தடவை அவர் சொல்றதைக் கேளேன்,” என்றான் அண்ணன்.

“மேல உக்காரப் போறது நான், அண்ணா!”

இன்ஜினியர் பழையபடியே மாற்றிக் கொடுத்தான்.

தகுதிச் சுற்று. ஈரம் காயாத வளைவில் சாய்ந்தபடி ஆக்சிலேட்டரைத் திருகினாள். சக்தி மொத்தமாக வந்து இறங்கியது. பின்சக்கரம் வழுக்கி, சட்டென்று தரையைப் பிடித்து, அவளைத் தூக்கி எறிந்தது.

தோளில் கட்டோடு அவள் ஷெட்டுக்கு வந்தபோது, வளைந்த ஹேண்டில்பாரின் முன் அவன் மண்டியிட்டிருந்தான். ‘அப்பவே சொன்னேனே’ என்பான்... காத்திருந்தாள். சொல்லவில்லை.

“திட்டிடுங்களேன்... மனசாவது ஆறும்.”

“எதுக்கு? தப்பு என் மேலயும்தான். எல்லாருக்கும் பொதுவா ஒரு செட்டிங் போட்டேன். நீங்க முதல்ல மெதுவா திருகி, கடைசியில சட்டுனு முறுக்குறவங்க. ஆரம்பத்துலயே இழுத்தா உங்க கை எப்படி நம்பும்? உங்க கையை நான் யோசிக்கவே இல்ல.”

அவள் வேகத்தைப் பேசியவர்கள் எத்தனையோ பேர். கையைப் பேசியவன் இவன் ஒருவன்தான்.

“இப்ப யோசிப்பீங்களா?”

“நீங்க வளைவுல விழுந்து எழுந்து நிக்கிற வரைக்கும் வேற எதையும் யோசிக்க முடியல...” ஸ்பேனரைக் கீழே வைத்தான். “உங்களைப் பிடிச்சிருக்கு. எப்படிச் சொல்றதுன்னு தெரியாம பைக்கைப் பத்தியே பேசிட்டிருந்தேன்.”

அவள் அருகில் வந்து நின்றாள். கேட்டுத்தான் ஆக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது.

“இனிமே ரேஸ் ஓட்டாதேன்னு சொல்வீங்களா?”

“தோள் ஆறுற வரைக்கும் சொல்வேன். அப்புறம் நீங்க ஓட்டணும்... நான் பயந்துகிட்டே பாக்கணும்.”

அடிபடாத கையை மெல்ல அவனிடம் நீட்டினாள். கிரீஸ் அப்பிய விரல்களைத் துடைக்கப் போனவனைத் துடைக்க விடவில்லை.

“எனக்கும் உங்களைத்தான் பிடிச்சிருக்கு... செட்டிங்குக்காக அப்புறமா சண்டை போட்டுக்கலாம்.”