பத்தொன்பதாம் குழி

அன்று சாயங்காலம் காவல்காரர் கொண்டுவந்து வைத்த தகரத் தட்டில், காலியாக இருக்க வேண்டிய பத்தொன்பதாவது குழியிலும் சாம்பல் இருந்தது.

தையல்காரி முதலில் அதைக் கவனிக்கவில்லை. வெளிச்சம் போவதற்குள் ஒரு சட்டைக்குக் காஜா எடுத்து முடித்துவிட வேண்டுமென்று ஊசியும் கையுமாக இருந்தாள். பிறகு தட்டைக் கொட்டுவதற்காகத் தூக்கியபோதுதான் கண்ணில் பட்டது. ஒரு பிடி. யாரோ கையால் அள்ளிப் போட்டதுபோல நடுவில் குவிந்திருந்தது.

"ஏங்க, பத்தொம்பதுல எப்படிங்க வந்துச்சு?"

காவல்காரர் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தார். "காத்துல பக்கத்துக் குழியிலேருந்து விழுந்திருக்கும். வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா?"

காற்றாம். மூன்று வாரமாக ஒரு இலைகூட அசையவில்லை. புருஷன் சொல்லிவிட்டார் என்பதற்காக வீசாத காற்றை வீசியதாக வைத்துக்கொள்வது அவளுக்குப் பழகிய வேலைதான். சாம்பலைக் கொட்டிவிட்டு வந்து படுத்தாள்.

அந்த ஊரில் பத்தொன்பது வீடுகள். மழை பொய்த்து இரண்டு வருடமாகிவிட்டது. ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, புல் கையில் எடுத்தால் பொடிந்தது. ஒரு பொறி போதும், ஊரே போய்விடும். தீயணைப்பு வண்டி டவுனிலிருந்து வந்து சேர ஒன்றரை மணி நேரம். அதனால் ஊர்க்கூட்டத்தில் மூன்று விதிகளை எழுதி ஒட்டினார்கள். ஒன்று, பொழுது சாய்வதற்குள் எல்லா அடுப்பும் அணைய வேண்டும். காவல்காரர் வீடு வீடாகப் போய் "அணைச்சாச்சா?" என்று கேட்பார். வீட்டில் இருப்பவர் "அணைச்சாச்சு" என்று சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, வீட்டில் இருப்பவரே அடுப்பில் கைவிட்டு, ஆறிய சாம்பல் ஒரு பிடி எடுத்து, தட்டில் அந்த வீட்டு எண் எழுதிய குழியில் போட வேண்டும். இரண்டு, ஒரு வீட்டுக்காக இன்னொருவர் பதில் சொல்லக் கூடாது. மூன்று, வீட்டுக்கு ஒரு குடம் தண்ணீர் தீக்கென்றே மூடி வைத்திருக்க வேண்டும். தொண்டை காய்ந்து செத்தாலும் அதைத் தொடக் கூடாது.

முதல் குழி அவர்கள் வீட்டுக்கு. கடைசிக் குழி மேட்டின் உச்சியில் தனியாக நின்ற வீட்டுக்கு. அது சின்னவள் வீடு. தையல்காரியின் கூடப் பிறந்த ஒரே தங்கை, தனியாக இருந்தவள். இரண்டு பேருக்கும் ஒரே குரல். கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அக்கா குரலில் "இன்னிக்குப் பால் வேண்டாம்" என்று சொல்லி, எதிர்வீட்டுப் பால்காரரை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியிருக்கிறாள் அந்தக் குறும்புக்காரி.

அந்த வீடு எரிந்து பன்னிரண்டு நாளாகிவிட்டது. சின்னவளோடு.

"நான் போனப்ப அடுப்பு ஆறிக் கிடந்துச்சு, சாம்பல் எடுத்துட்டுத்தான் வந்தேன்" என்றார் காவல்காரர் ஊர்க்கூட்டத்தில். தட்டில் பத்தொன்பதாவது குழி நிறைந்திருந்ததை எல்லாரும் பார்த்தார்கள். அப்படியானால் அதற்குப் பிறகு அவளேதான் திருட்டுத்தனமாக மறுபடி பற்ற வைத்திருக்கிறாள். அவமானத்தில் தையல்காரிக்கு முகம் எரிந்தது. எழுந்து நின்று, "அவ சின்ன வயசுலேருந்தே சொன்ன பேச்சு கேக்க மாட்டா" என்றாள். காவல்காரர் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினார். அதோடு விஷயம் முடிந்தது. அவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை.

தட்டில் அந்தச் சாம்பலைக் கண்ட மறுநாள், அவர் கிளம்புவதற்கு முன் பத்தொன்பதாவது குழியைத் துடைத்து, அதில் ஒரு வெள்ளைத் துணித் துண்டைச் சுருட்டித் திணித்து வைத்தாள். ஏன் செய்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பிறகு வாசலில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். காய்ந்த ஊரில் குரல் தூரம் போகும். பால்காரர் வீட்டில் தொடங்கி, தெரு வளைவு தாண்டி, கோழிப்பண்ணைக்காரர் வீடு வரை, கேள்வியும் பதிலும் கேள்வியும் பதிலுமாக ஒவ்வொன்றாய்த் தேய்ந்துகொண்டே போனதை விரல் விட்டு எண்ணினாள். தங்கள் வீட்டையும் சேர்த்துப் பதினெட்டு. அவ்வளவுதான், இனி அவர் திரும்ப வேண்டியதுதான். அப்போது மேட்டின் பக்கமிருந்து, கரிந்த சுவர் மட்டும் நிற்கும் அந்த இடத்திலிருந்து, யாரோ இருமினார்கள். நெஞ்சில் சளி கட்டிய, காய்ச்சல்காரியின் இருமல். அவளுக்குத் தெரிந்த இருமல்.

தட்டு வந்தது. துணித் துண்டைக் காணோம். குழி நிறையச் சாம்பல். விரலை வைத்தாள். காய்ச்சல் அடிக்கும் நெற்றியைத் தொட்டதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. முகர்ந்தாள். சின்னவள் கடைசி நாட்களில் நெற்றியில் தேய்த்துக்கொண்ட தைலத்தின் வாசனை.

"இதைத் தொட்டுப் பாருங்க."

"வெயில்ல வந்த தகரம் சுடாம குளுருமா?" என்றார் காவல்காரர். தட்டை அவர் தொடவில்லை. தலைமுடி ஈரமாக இருந்தது, முகம் பளிச்சென்றிருந்தது. ஊரே நாக்கு வறண்டு கிடக்கும்போது இவருக்கு மட்டும் முகம் கழுவத் தண்ணீர் எங்கிருந்து கிடைக்கிறதோ என்று அவள் பலமுறை நினைத்ததுண்டு. கேட்டதில்லை.

அவர் அப்படித்தான். விசில் கழுத்தில் ஏறிய நாளிலிருந்து நடையே மாறிவிட்டது. அடுத்தவர் வீட்டில் ஒரு வைக்கோல் துரும்பு கிடந்தால் சத்தம் போடுவார். தன் வீட்டில், வெட்டுத் துணி மூட்டைகள் பின்கதவை அடைத்துக்கொண்டு கூரை வரை அடுக்கியிருந்தன. நகர்த்தலாமா என்று அவள் கேட்டபோது, "நம்ம வீட்டை யாரு சோதிக்கப் போறா?" என்று சிரித்தார்.

மூன்றாம் நாள் அவர் சீக்கிரமே திரும்பிவிட்டார். தட்டைக் கொண்டுவந்து தையல் மேசை மேல் வீசாத குறையாக வைத்தார். வந்த வேகத்தில் முன்கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். ஜன்னல் பலகைகள் வெயிலுக்காகக் காலையிலிருந்தே அடைத்துக் கிடந்தன. சிம்னி விளக்கும் கூடாதென்பதால் இருட்டுவதற்கு முன்பே அந்த வீட்டில் இருட்டிவிடும்.

"என்னாச்சுங்க?"

"ஒண்ணுமில்ல. யாரோ பின்னாடி நடந்து வர்ற மாதிரி இருந்துச்சு."

அவள் தையல் பெட்டியிலிருந்து காந்தத்தை எடுத்தாள். இது அவளுடைய தினசரி வழக்கம். அடுப்பை வெட்டுத் துணி போட்டுத்தான் பற்ற வைப்பாள்; அதோடு ரவிக்கைக் கொக்கிகள் ஒன்றிரண்டு போய்விடும். அதனால் முதல் குழிச் சாம்பல் மேல் காந்தத்தை ஓட்டி அவற்றைப் பொறுக்குவாள். ஊரில் வேறெந்த வீட்டுச் சாம்பலிலும் கொக்கி இருக்காது. முதல் குழியில் ஓட்டினாள். ஒன்று ஒட்டியது. கை தானாகவே கடைசிக் குழிக்குப் போனது.

டிக்.

ஒரு கொக்கி. பழுத்துச் சிவந்திருந்தது. காந்தம் வழியாகச் சூடு ஏறி விரலைச் சுட்டது. "ஐயோ" என்று காந்தத்தைத் தட்டிலேயே போட்டு, தட்டைப் பின்னால் தள்ளினாள். அது சரிந்து மூட்டைகளின் ஓரமாக விழுந்தது.

அவள் விழுந்த தட்டைப் பார்க்கவில்லை. அவளுக்கு வேறொரு சாயங்காலம் ஞாபகம் வந்தது. வீடு எரிந்த அன்றைக்கும் இதே காந்தம் பத்தொன்பதாவது குழி மேல் தற்செயலாகப் போயிற்று. இதே சத்தம். ஏதோ நினைப்பில் அந்தக் கொக்கியை எடுத்து டப்பாவில் போட்டுவிட்டு வேலையைப் பார்த்தாள். சின்னவளுக்குத் தைக்கத் தெரியாது. அவள் அடுப்பில் கொக்கி ஏது?

"அன்னிக்கு நீங்க மேட்டுக்குப் போகல" என்றாள்.

காவல்காரர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நம்ம அடுப்புச் சாம்பலை அள்ளி அவ குழியில போட்டீங்க. அவளுக்குக் காய்ச்சல், கஞ்சி வெச்சுட்டுப் படுத்தா எழுந்திருக்க முடியல, நீங்களே அணைச்சுட்டு வாங்கன்னு எத்தன தடவ சொன்னேன்! அணைச்சுட்டேன், தூங்குறான்னு வந்து சொன்னீங்களே."

"வெயிலு மண்டையப் பொளக்குது. முதல் ரெண்டு வாரம் ஏறினேன்." குரல் இறங்கிப் போயிருந்தது. "நம்ம பொண்ணுதானேன்னு விட்டுட்டேன். இப்படி ஆகும்னு யாரு கண்டா?"

"மாமா வருவாருன்னு படுத்திருப்பாளே."

"கூட்டத்துல நான் உன்னக் கேக்கலியே. நீயாத்தானே எந்திரிச்சுச் சொன்ன."

 பன்னிரண்டு வருடம் இந்த மனிதரின் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நம்பினாள். நம்பியதற்குக் கூலியாக, செத்துப்போன தங்கையை ஊர் முன்னால் அக்கா வாயாலேயே குற்றவாளி ஆக்க விட்டு, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறார். அழ வேண்டும்போல் இருந்தது. பதினான்கு நாள் தேக்கி வைத்த அழுகை. அது தொண்டைக்கு வரும்போதே இருமலாக மாறியது.

புகை.

தைல வாசனை இல்லை இது. துணி. நூல். பின்பக்கம் திரும்பினாள். அடி மூட்டையில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது. பார்க்கும்போதே அது இரண்டானது. பிறகு கூரை வரை ஒரே பாய்ச்சல்.

"குடம்!"

மூலைக்கு ஓடினாள். மூடியைத் தள்ளினாள். குடத்தைத் தூக்கினாள். கை லேசாக மேலே போயிற்று. உள்ளே ஒன்றுமில்லை. அடியில் ஒரு சொட்டு ஈரம். அவ்வளவுதான்.

அவரைப் பார்த்தாள். அவருடைய ஈரத் தலைமுடியைப் பார்த்தாள்.

"முகம் கழுவ..." என்றார். "கொஞ்சம் கொஞ்சமாத்தான்..."

பின்கதவு தீக்கு அந்தப் பக்கம். அவர் முன்கதவுக்கு ஓடித் தாழ்ப்பாளைப் பிடித்தார். சுர்ரென்று ஒரு சத்தம். கையை இழுத்தபோது தோல் தாழ்ப்பாளிலேயே இருந்தது. தன் கையைப் பார்த்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. தீ இன்னும் கதவின் பக்கம் வரவே இல்லை.

கதவுக்கு வெளியே யாரோ இருமினார்கள்.

தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஜன்னல் திறந்தது. பால்காரர்.

"அக்கா! ஏதோ புகை வாசம் அடிக்குதே. உங்க வீட்டுல அடுப்பு அணைச்சாச்சா?"

இல்லை என்று கத்த வேண்டும். ஒரு வார்த்தை. ஓடி வருவார், கதவை உடைப்பார், பதினேழு குடம் வரும். நெஞ்சு முழுக்க மூச்சை இழுத்தாள். புகைதான் உள்ளே போயிற்று. வாயைத் திறந்தாள்.

குரல் வரவில்லை.

குரல் வெளியே இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம், வாசற்படியில். அவளுடைய குரல். அதே இழுப்பு, அதே தெளிவு. பால் வேண்டாமென்று சொல்லும்போது வருமே, அந்தச் சின்னச் சிரிப்போடு.

"அணைச்சாச்சு."

"சரிக்கா" என்றார் பால்காரர். ஜன்னல் சாத்திக்கொண்டது. கொண்டி விழும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

பிறகு, கதவுக்கு அடியில் இருந்த இடைவெளி வழியாக ஒரு கை உள்ளே வந்தது. கரிந்த கை. மெல்லத் திரும்பி, உள்ளங்கையை மேலாக விரித்தது. அவசரமே இல்லாமல் காத்திருந்தது, ஒரு பிடிச் சாம்பலுக்காக.